ஒரே கண்டெய்னரில் இரண்டு பங்காளிகள்

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் வயிறு கலங்கும். அப்புறம் கை தானாகப் போனைத் தேடும். வயிற்றுக்கு மோர் இருக்கிறது. கைக்கு மருந்து இல்லை. அப்படிக் கை போனைத் தேடிப் பிடித்த ஒரு நாளில்தான், தொண்ணூறுகளின் நடுவில், தேங்காய் நாரை விமானத்தில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பினேன். விமானத்தில் தங்கம் போகும், மருந்து போகும், மல்லிகைப்பூகூடப் போகும். நார் போனது என் புண்ணியத்தில்தான்.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நார்ப் பட்டறை இருந்தது. வெள்ளைக்காரர்கள் வீட்டு முன்னால் கம்பிக் கூடையைத் தொங்கவிட்டு அதில் பூச்செடி வைப்பார்கள். மண் சிந்தாமல் இருக்கக் கூடைக்குள்ளே நாரில் செய்த ஒரு கிண்ணம் வேண்டும். அந்தக் கிண்ணத்தைத்தான் நாங்கள் செய்தோம். வாங்குகிறவர் ஒரே ஒருவர், ஹாலந்தில் தோட்டச் சாமான் வியாபாரம் செய்யும் ஒரு டச்சுக்கார அம்மாள். அங்கே பனிக்காலம் முடிந்து கடைகளில் கூட்டம் சேர்வதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும். அதற்குத் தை மாதம் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். அந்த வருடம் எல்லாம் சரியாகத்தான் கட்டியிருந்தோம். எண்ணிக்கை குறைகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கட்டியதை எல்லாம் அவிழ்த்து மறுபடி எண்ணச் சொன்னேன். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. கப்பல்தான் போய்விட்டது. உடனே கை போனைத் தேடியது.

அடுத்த ஐப்பசியில் அந்த அம்மாள் நேரில் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மெட்ராஸில் இறங்கிக் கோயமுத்தூருக்கு விமானம் இருந்தும் ரயிலில் வந்தார். தோளில் ஒரு துணிப்பை. பட்டறையைச் சுற்றிப் பார்த்தார், கிண்ணத்தைக் கையில் எடுத்துத் திருப்பினார், நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் இங்கிலீஷில் சொன்னார்:

"போன வருஷம் உங்க நார் என்னைவிட அதிகமாப் பறந்திருக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, தும்மல் மாதிரி மாற்றிக்கொண்டேன். நார்ப் பட்டறையில் அதற்கு வசதி உண்டு.

தன் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் செடி வளர்க்கிறவர்கள், சாமான் எங்கிருந்து, எதில் வந்தது என்று கேட்கிறார்கள், விமானத்தில் வந்த நார் என்று சொல்லத் தனக்கு வாய் வரவில்லை என்றார். விமானம் மட்டும் அல்ல. கப்பலும் எண்ணெயை எரித்துத்தானே ஓடுகிறது, அதில் நாம் எதை ஏற்றுகிறோம் என்று கேட்டார்.

"நாருங்க" என்றேன்.

"பாதி காற்று" என்றார்.

கணக்கு அவருடையதுதான் சரி. என் கிண்ணங்களை அட்டைப் பெட்டிக்குள் மெத்தென்று அடுக்கி இருபதடிக் கண்டெய்னரைக் கூரை வரை நிரப்புவோம். பார்த்தால் நிறைந்திருக்கும், எடை இருக்காது. கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் அதே அம்மாளுக்கு வார்ப்பிரும்பில் தோட்ட பெஞ்சுக்குக் கால் செய்து அனுப்பும் ஒருவர் இருந்தார். அவர் கண்டெய்னரில் இரும்பு இடுப்பு உயரம் வந்ததுமே எடை வரம்பு முடிந்துவிடும். அதற்குமேல் கூரை வரை வெறும் காற்று. இப்படி நாங்கள் இரண்டு பேரும் வருடா வருடம் ஆளுக்கொரு கண்டெய்னரில் கொங்கு நாட்டுக் காற்றைக் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மாள் விரலை மடக்கிச் சொன்னார். இனி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கண்டெய்னர். இரும்பு கீழே, நார் மேலே. தெர்மாகோல் கூடாது, பிளாஸ்டிக் உறை கூடாது. கப்பலைத் தவறவிட்டால் விமானம் கிடையாது, இரண்டு பேருக்கும் ஆர்டரும் கிடையாது. கேரளாவில் வேறு ஆள் பார்த்து வைத்திருக்கிறாராம்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானே. சுலபம்" என்று கைகுலுக்கிவிட்டு ரயிலேறினார்.

ஒரே குடும்பம்தான். சிக்கலே அதுதான். அந்த இரும்புக்காரர் என் பங்காளி. என் தாத்தாவும் அவர் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். என்னைவிட அவர் ஒரு வயது மூத்தவர். அந்த அம்மாளை அவருக்கு அறிமுகம் செய்து வைத்ததே நான்தான். அப்புறம் அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கம் கல்யாணம் சொல்ல வேண்டுமென்றால் புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துக் கூப்பிட வேண்டும். பங்காளி வீட்டுக்கு அது கட்டாயம். எனக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. அதிலும் தபால்தலை போதாமல், நான் தண்டம் கட்டி வாங்கினேன். காசு கொடுத்து அவமானம் வாங்கியவன் எங்கள் வம்சத்தில் நான் ஒருவன்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. அவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. எதிரில் பார்த்தால் நான் ஒரு பக்கம் திரும்புவேன், அவர் ஒரு பக்கம் திரும்புவார். நடுவில் யாராவது இருந்தால் அவர் மூலமாகப் பேசுவோம். மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

அன்று சாயங்காலம் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஆர்டர் போய்விடும், பட்டறையை மூட வேண்டும், நான் கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பூந்தொட்டி விற்க வேண்டும், அதையும் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது வரை போய்விட்டேன். என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நடந்து நடந்து தரையைத் தேய்க்காதீங்க. பெஞ்சுக்கால் அளவெல்லாம் அக்கா கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டாங்க."

"எந்த அக்கா?"

"உங்க பங்காளி ஊட்டு அக்காதான். வேற எந்த அக்கா?"

"நீ அவங்ககூடப் பேசறயா?"

"எப்ப நிறுத்துனேன்? தெனமும்தான் பேசறேன். பேச்சு வார்த்தை இல்லாதது உங்க ரெண்டு பேருக்குத்தானுங்க. எங்களுக்கு யாரும் அப்படிச் சொல்லலையே."

அவள் அந்தக் கல்யாணத்துக்கும் போய் மொய் வைத்துவிட்டு வந்தவள்தான். நான் கோபித்துக்கொண்டு வீட்டில் பழைய சோறு தின்ற அன்று, அவள் அங்கே பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கியிருக்கிறாள்.

இப்படியாக அந்த ஏற்றுமதி ஒப்பந்தம் இரண்டு சமையலறைகளுக்கு நடுவில் போனில் முடிவானது. பெஞ்சுக்காலின் நீளம் அகலம் எல்லாம் கீரை உருவுகிற நேரத்தில் வந்து சேர்ந்தது. தெர்மாகோல் இல்லாமல் இரும்பை எப்படி அடுக்குவது என்று பங்காளி தவித்துக்கொண்டிருந்தார். ஒன்றோடொன்று உரசினால் பெயின்ட் போய்விடும். "எங்க ஊட்டு நாரு சும்மாதான கூட வருது, அதையே நடுவுல வெச்சுக்கச் சொல்லுங்கக்கா" என்றாள் என் மனைவி. அப்படி வைத்தால் கிண்ணமும் போய்ச் சேரும், பெயின்ட்டும் பிழைக்கும். என் பங்குக்கு நானும் ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. கிண்ணத்துக்குள் கிண்ணமாகச் செருகி, அழுத்திக் கட்டி, பழைய அளவில் பாதிக்கும் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் இரும்புக்கு மேலே இருக்கிற இடத்தில் அடங்காது.

செருகி அழுத்தினோம். முதல் நாள் ஒரு கிண்ணத்தின் ஓரம் படக்கென்று முறிந்தது. ஒன்றே ஒன்றுதான். நான் பதற அது போதாதா? நார் வேலையில் முறியாமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்வது எல்லாப் பட்டறையிலும் வழக்கம். கைவிரலால் தெளிப்பார்கள். நான் செம்பை எடுத்துக் கொடுத்து, "நல்லாத் தெளிங்க, நெம்பத் தெளிங்க" என்று பின்னாலேயே நின்றேன். அப்புறம் ஒன்றுகூட முறியவில்லை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தைப்பொங்கல் முடிந்து நாலைந்து நாளில் சரக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு கணபதிக்குப் போனேன். பங்காளியின் இரும்பு வார்க்கும் பவுண்டரி வாசலில் காலிக் கண்டெய்னர் வந்து நின்றிருந்தது. சரக்கைக் கப்பலில் ஏற்றிவிடும் ஏஜெண்ட் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். அன்று பொழுது சாய்வதற்குள் வண்டி கிளம்பாவிட்டால் கப்பலைப் பிடிக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பவுண்டரியை ஒட்டிய வீட்டிலிருந்து பங்காளியின் மனைவி வெளியே வந்தார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்போம்.

"தம்பி, காப்பி குடிங்க."

"இப்பத்தான் குடிச்சேனுங்க நங்கையா." குடிக்கவில்லை.

பங்காளி கதவோரம் நின்று ஏஜெண்டைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க, மொதல்ல எங்க இரும்பை அடுக்கிக்கறோமுங்க. அவங்களைக் கொஞ்சம் அக்கட்ட நிக்கச் சொல்லுங்க."

நானும் ஏஜெண்டைப் பார்த்துச் சொன்னேன்: "நிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா அவங்க இரும்புல எண்ணெய் இருந்தா எங்க நாருல கறை ஏறுமுங்களே. தொடைச்சாச்சுங்களான்னு கேளுங்க."

"தொடைச்சுப் பவுடர் போட்டுப் பொட்டும் வெச்சிருக்குதுன்னு சொல்லுங்க."

நாங்கள் மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தோம். ஏஜெண்ட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"அண்ணாச்சி, அவிய சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா? நான் எதுக்கு மறுபடியும் சொல்லணும்? கப்பல் போயிரும், பாத்துக்கிடுங்க."

பெஞ்சுக்கால்களை வரிசையாகப் படுக்க வைத்தார்கள். நடுவில் வைக்க நார் கேட்டார்கள். ஒரு கட்டு அவிழ்ந்தது. பங்காளி மேலாகக் கையை வைத்தார், அப்புறம் உள்ளே விட்டார். கையை வெளியே எடுத்து முகத்துக்கு நேராகப் பார்த்தார். ஏஜெண்டிடம் மெதுவாகச் சொன்னார்:

"இதென்னுங்க, மாட்டைக் குளிப்பாட்டுன மாதிரி இருக்குது."

ஓடிப்போய் நானும் கையை விட்டேன். ஈரம். மேலே காய்ந்திருந்தது, அழுத்திக் கட்டிய உள்பக்கமெல்லாம் ஜில்லென்று இருந்தது. அடுத்த கட்டு, அதற்கடுத்த கட்டு, எல்லாம் அப்படியே. மூடிய இரும்புப் பெட்டிக்குள் ஒரு மாதத்துக்கும் மேல் கடலில் போக வேண்டிய சரக்கு. நாரில் பூஞ்சை பிடிக்கும், அவர் இரும்பு துருவேறும். அந்த அம்மாள் கதவைத் திறக்கும்போது இரண்டு பேர் சரக்கும் சேர்ந்தே நாறியிருக்கும். தண்ணீர் தெளித்தது யார், செம்பு கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

என் கை போனைத் தேடியது. பங்காளியின் ஆபீஸ் அறை திறந்திருந்தது. மேசைமேல் போன் இருந்தது.

"ஏனுங்க" என்று ஏஜெண்டிடம் சொன்னேன், "அவங்க போன்ல ஒண்ணு பேசிக்கலாமுங்களான்னு கேளுங்க."

ஏஜெண்ட் டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார். நானே உள்ளே போய்ப் போனை எடுத்தேன். விமானச் சரக்கு ஆபீஸ் எண் எனக்கு மனப்பாடம். அந்த அம்மாளுக்குத் தெரியாமல் அனுப்பிவிடலாம், கப்பலில் வந்தது என்று சொல்லிவிடலாம், நார் பேசவா போகிறது என்றெல்லாம் ஓடியது. பாதி எண்ணைச் சுழற்றியிருப்பேன். வாசலில் பங்காளி நின்றிருந்தார். நடுவில் ஆள் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தே சொன்னார்:

"போனைக் கீழ வைங்க."

வைத்தேன்.

"பிளேனுக்குத்தான?"

"ஆமாங்க."

"இரும்பையும் அதுலயே ஏத்திருவீங்களா?"

அதை நான் யோசிக்கவில்லை.

"தை மாசத்து வெயிலு இருக்குது. உச்சிக்கு வரலை இன்னும். மெல்லிசு நாருதான, பிரிச்சுப் போட்டாக் காஞ்சுரும். என்ர களத்துல போடுங்க."

"உங்க களமெல்லாம் கரி மண்ணுங்களே அண்ணா. நாரு கறுத்துப் போயிருமே."

அண்ணா என்று வாயில் வந்துவிட்டது. இரண்டு பேருமே கேட்காத மாதிரி இருந்துகொண்டோம். பவுண்டரி வாசலில் வார்ப்பு மண் சாம்பல் மாதிரி பரந்து கிடந்தது உண்மைதான். கோணி விரித்தால் போதாது, தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது. இரண்டு பேரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின்னாலிருந்து நங்கையா கூப்பிட்டார். "தம்பி, இங்க ஒரு கை புடிங்க."

வீட்டுக்குள் பரணில் பவானி ஜமுக்காளம் அடுக்கடுக்காக இருந்தது. மூத்த பெண் கல்யாணத்துக்கு வாங்கியது. இரண்டாவது பெண்ணுக்கு ஆகட்டும் என்று ரசகற்பூர உருண்டை போட்டு மடித்து வைத்திருந்தார். நானும் பங்காளியும் ஆளுக்கொரு முனை பிடித்துக் கரிமண் தெரியாமல் களம் முழுக்க விரித்தோம். சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கல்யாணப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. பவுண்டரி ஆட்களும் என்னுடன் வந்தவர்களும் கட்டுகளைப் பிரித்து, கிண்ணம் கிண்ணமாக எடுத்துக் கவிழ்த்து வைத்தார்கள். பந்திக்கு வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் போல வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பங்காளி இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, யாருக்கென்று இல்லாமல் சொன்னார்:

"கல்யாணத்துக்கு வராதவங்களோட நாரு வந்து குந்தியிருக்குது."

நானும் யாருக்கென்று இல்லாமல் சொன்னேன்:

"நாருக்குத் தபால் போடலீங்க. நேர்ல கூட்டியாந்தாங்க."

நங்கையா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பங்காளி குனிந்து ஒரு கிண்ணத்தைத் திருப்பி வைத்தார். அடுத்ததைத் திருப்பினார். நான் எதிர் வரிசையில் உட்கார்ந்து திருப்ப ஆரம்பித்தேன். ஒரு வரிசை முடிந்தது.

"அன்னைக்கு உலை பத்த வெச்சாச்சு" என்றார், கிண்ணத்தைப் பார்த்தபடியே. "அந்தம்மாவோட மொத ஆர்டரு. உலையை உட்டுப்போட்டு எங்கயும் நகர முடியல. உடுமலைப் பக்கத்துக்கெல்லாம் தபால்ல போட்டுருன்னு கணக்கப்புள்ளைகிட்டச் சொன்னேன். உன்ர பேரும் அதுல போயிருச்சு."

"தபால்தலைங்க?"

"அதுக்கும் நாந்தான் ஒட்டோணுமா?"

அந்த ஆர்டர் நான் வாங்கிக் கொடுத்தது. அதற்கு உலை பற்ற வைத்ததால் எனக்குப் பத்திரிகை தபாலில் வந்திருக்கிறது. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று யோசித்தேன். என்னைத் தவிர ஆள் அகப்படவில்லை. காப்பி இன்னும் இருக்கிறதா என்று உள்ளே பார்த்துக் கேட்டேன். "காப்பி ஆறிப்போச்சு, சோறே உண்ணுங்க" என்று பதில் வந்தது. களத்தோரம் வேப்பமரத்தடியில் இலை போட்டார்கள். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு, நெய், கத்தரிக்காய். கல்யாணச் சாப்பாட்டைவிட நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒப்பிட எனக்கு வழியில்லை.

டீக்கடையிலிருந்து திரும்பிய ஏஜெண்ட் நாங்கள் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நின்றார். "பேசிக்கிட்டாவளா?" என்று நங்கையாவைக் கேட்டார். "காத்தால இருந்து என்னைப் போட்டு உலுக்கிட்டு, இப்ப இலை போட்டாச்சா?" அவருக்கும் ஒரு இலை விழுந்தது.

வெயில் ஏமாற்றவில்லை. மூன்று மணிக்கு மேல் ஒவ்வொரு கிண்ணமாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பத்து நல்லபடியாக இருந்தால் பதினொன்றாவது ஈரமோ என்று தோன்றும். பங்காளி என் கையிலிருந்து பிடுங்கி அடுக்குகிறவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். "நீ பாத்துட்டு இருந்தாச் சித்திரை வந்துரும்." இரும்பு கீழே, காலுக்குக் கால் நடுவில் நார், அதன்மேல் கட்டுக் கட்டாகக் கிண்ணங்கள் கூரை வரை. தெர்மாகோல் ஒரு துண்டு இல்லை. ஒரே கண்டெய்னர். கதவைச் சாத்தி முத்திரை வைத்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தேன், சக்கரத்தடியில் நசுக்க. "ஒரு வண்டிக்கு ஒண்ணு போதும்" என்று மற்றதைச் சாதத்துக்கு எடுத்துக்கொண்டார் நங்கையா.

வண்டி தூத்துக்குடி போய்ச் சேருகிறவரை நான் மனிதனாக இல்லை. பல்லடத்தில் டயர் வெடிக்கும், தாராபுரத்தில் மறியல் நடக்கும், மதுரையில் மழை பெய்யும். எதுவும் நடக்கவில்லை. கப்பலேறிவிட்டது என்று ஏஜெண்ட் சொன்னதும், கடலில் புயல் என்று ஆரம்பித்தேன். போன் இருக்கும் அறையைப் பூட்டிச் சாவியை என் மனைவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாசி முடிகிற நேரம் பங்காளியின் ஆபீசுக்கு ஃபேக்ஸ் வந்தது. அவரே எனக்குப் போன் செய்து படித்தார். நார் காய்ந்திருக்கிறது, இரும்பில் துரு இல்லை, அடுத்த வருட ஆர்டர் இரண்டு பேருக்கும் உண்டு. கடைசியில் ஒரு வரி. கதவோரம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குச் சந்து இருந்தது, அடுத்த தடவை அதையும் நிரப்பவும்.

"அந்தச் சந்துல உன்னைய நிறுத்தியிருக்கலாம்" என்றார் பங்காளி. "சரக்கு அசையாமப் போயிருக்கும்."

"நான் தெர்மாகோல் மாதிரிங்க அண்ணா. அந்தம்மா ஏத்துக்காது."

அந்த வைகாசியில் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தட்டோடு வந்து கூப்பிட்டார்கள். அன்று நான் பட்டறையில் ஒரு கிண்ணம் முறிந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருந்ததால் பத்திரிகையை என் மனைவிதான் வாங்கினாள். கல்யாணத்தில் அதே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். எத்தனை உதறியும் போகாமல் நார் அங்கங்கே நீட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வேட்டியைச் சொறிந்துகொண்டே தாலி கட்டுவதைப் பார்த்தார்கள். பங்காளி தூரத்திலிருந்து என்னைக் கைகாட்டி அவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்க எழுந்தேன். என் மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.